மெஸ்லேர்ந்து கோத் (துப்பாக்கி வெக்கற ரூம்) எவ்ளோ தூரம்?

பாதுகாப்பு அமைச்சகத்துல இருக்கற ஐயாமாருங்களுக்கும் விமானப்படை அதிகாரிங்களுக்கும் வணக்கம்.

நான் வேலூர் பக்கம், எங்க சைடுல பட்டாளத்துக்கு போகாத குடும்பம் கம்மி. எங்க பெரியப்பா ஆர்மில ஹவில்தாரா ரிட்டயர்டு ஆகி அப்புறம் டிஎஸ்சில சேர்ந்தவரு. டிஎஸ்சின்னா டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர், முன்னாள் ராணுவத்துக்காரங்கள திரும்ப எடுத்து டிப்போ, ஏர் பேஸ், கேட்டுன்னு காவலுக்கு நிறுத்தற படை (உங்களுக்கு தெரியும், படிக்கற மத்தவங்களுக்காக சொல்றேன்).

2016 ஜனவரி 2, பஞ்சாப்ல பதான்கோட் ஏர் பேஸ்ல தீவிரவாதிங்க புகுந்து தாக்கின நாள். முந்தின நாளே அலர்ட் வந்தாச்சு, என்எஸ்ஜி (தேசிய பாதுகாப்புப் படை) கமாண்டோங்கள ஃப்ளைட்ல கொண்டாந்து இறக்கியாச்சு, விமானப்படையோட கருட் கமாண்டோங்களும் இருக்காங்க. ஆனா விடியறதுக்கு முன்னாடி புகுந்தவனுங்க டிஎஸ்சி மெஸ் பக்கம் வந்தப்ப அங்க இருந்த டிஎஸ்சி வீரர் ஜகதீஷ் சந்த் கைல துப்பாக்கியே இல்ல. வெறுங்கையோட துரத்திப் போய் ஒருத்தன கட்டிப் புடிச்சு அவன் துப்பாக்கியவே புடுங்கி அவன சுட்டுட்டு, மத்தவனுங்க சுட்டதுல அங்கயே விழுந்துட்டாரு. வீரத்துக்கான கீர்த்தி சக்ரா விருது குடுத்தீங்க, சரி. ஆனா அந்த தாக்குதல்ல உயிர் போன நம்ம 7 பேர்ல 5 பேரு டிஎஸ்சி. அதுல சுபேதார் மேஜர் ஃபதே சிங் 1995 காமன்வெல்த் துப்பாக்கி சுடும் போட்டில தங்கம் வாங்கினவரு, அப்பேர்ப்பட்ட ஆளையும் இழந்துட்டோம்.

என் கோரிக்கை ஒண்ணு தான். திடீர்னு ஒருத்தன் உள்ள புகுந்து சுட்டா என்ன பண்றதுன்னு கமாண்டோவுக்கு எவ்ளோ ட்ரெய்னிங் குடுத்தாலும், முதல் அஞ்சு நிமிஷம் பக்கத்துல நிக்கற காவலாளி கைல தான இருக்கு? 1999ல அமெரிக்காவுல கொலம்பைன் ஸ்கூல்ல துப்பாக்கிச்சூடு நடந்தப்ப போலீஸ் ஸ்பெஷல் டீமுக்காக வெளிய காத்து நின்னதுக்கு அப்புறம் தான் அங்கயே முதல்ல வர்றவன் உள்ள போகணும்னு பயிற்சிய மாத்தினாங்க. 2009ல அங்கயே ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாம்ல 13 பேர கொன்னவன நிறுத்தினதும் கமாண்டோ இல்ல, அந்த முகாமோட சிவிலியன் போலீஸ்.

அதனால வயசு ஏறின இந்த டிஎஸ்சி ஆளுங்கள வெச்சே ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரில் போடுங்க, மெஸ்ல சமைக்கறவரு, கிளார்க்கு, குவார்ட்டர்ஸ்ல இருக்கற பொம்பளைங்க பசங்க உட்பட எந்த கதவ சாத்தணும் யாருக்கு போன் அடிக்கணும்னு சொல்லிக் குடுங்க. ட்ரில்லுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியற மாதிரி பண்ணுங்க சாமி, 2018ல அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ரைட் பேட்டர்சன் ஏர் பேஸ்ல ட்ரில் வெச்ச நாள்ல நெஜமாவே எவனோ சுடறான்னு குழம்பி ஆஸ்பத்திரி கதவுலயே நிஜ குண்டு போட்டுட்டாங்க.

பதான்கோட் நியூஸ் டிவில ஓடினப்ப பெரியப்பா ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "மெஸ்லேர்ந்து துப்பாக்கி வெச்சிருக்கற கோத் எவ்ளோ தூரம்னு யாராச்சும் சொன்னாங்களாடா?" எனக்கு தெரியல, நீங்களாவது ஒவ்வொரு பேஸுலயும் நடந்து பாத்து அளந்து சொல்லுங்க.