‘ஃப்ரீ’ என்றால் இலவசம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் மொழிப் பக்கத்தில் ‘ஃப்ரீ’ என்றால் ‘இலவசம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அதைப் படித்த அன்று சாயந்திரமே எங்கள் தெரு இனிப்புக் கடையில் ஒரு அட்டையைப் பார்த்தேன். மேலே ஆங்கிலத்தில் சுகர் ஃப்ரீ, கீழே தமிழில் ‘சர்க்கரை இலவசம்’. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், “எத்தனை கிலோ வாங்கினா தம்பி சர்க்கரை தருவீங்க?” என்று நிஜமாகவே கேட்டார். கடைப் பையன் திருதிருவென்று முழித்தான்.

‘சாயந்திரம் ஃப்ரீயா?’ என்று கேட்கிறோமே, அதைத்தான் எங்கள் ஆச்சி ‘கை ஒழிஞ்சிருக்கா?’ என்பாள். டாக்டர் ‘மோஷன் ஃப்ரீயா போகுதா?’ என்று கேட்டால் சிக்கலில்லாமல் போகிறதா என்று அர்த்தம். ஆனால் மெக்கானிக் ‘போல்ட் ஃப்ரீயா சுத்துது சார்’ என்றால் சந்தோஷப்பட வேண்டாம், மரை தேய்ந்துவிட்டது, செலவு இருக்கிறது.

காசு வாங்காமல் கொடுப்பதற்குக்கூட அரசாங்கம் ஒரே சொல்லில் நிற்கவில்லை. 2006 ஆட்சியில் கொடுத்த டிவி ‘இலவச’ வண்ணத் தொலைக்காட்சி, 2011 ஆட்சியில் வந்த மிக்சியும் கிரைண்டரும் ‘விலையில்லா’, 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் ‘கட்டணமில்லா’ப் பயணம். ஏறுகிறவர்கள் வாயில் என்னவோ அது ஃப்ரீ பஸ்தான், அது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது ‘கட்டற்ற’, அதாவது கட்டுப்பாடு இல்லாத. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற மென்பொருளுக்காக இயக்கம் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அதற்கு ஃப்ரீ சாஃப்ட்வேர் என்று பெயர் சொல்லிவிட்டு, நான் சொல்வது சுதந்திரத்தை, விலையை அல்ல, பேச்சுரிமையை நினையுங்கள், ஓசி பீரை நினைக்காதீர்கள் என்று பல வருடமாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இருக்கிற ‘லிப்ரே’யை (சுதந்திரமான என்று அர்த்தம்) கடன் வாங்கினார்கள், கடிதம், கணக்கு எழுத உதவும் ஒரு மென்பொருளுக்கு லிப்ரே ஆபீஸ் என்று பெயர் வந்ததும் அப்படித்தான். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை, கட்டற்ற மென்பொருள் என்றால் கதை முடிந்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறது, இலவசக் கலைக்களஞ்சியம் என்று அல்ல. இதையாவது மொழிப் பக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

சரி, அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிடுங்கள். இனிப்புக் கடைக்காரரிடமும் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன், புது அட்டை அடிக்க யார் காசு தருவது என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி.