பெறாமகளுக்கு: நெரிந்த பல்லும் ஆறிப்போன தேத்தண்ணியும்

அன்புள்ள பெறாமகளுக்கு,

போன கிழமை வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது கன்னத்தைப் பொத்திக்கொண்டு நீ சொன்னாய்: "சின்னம்மா, எனக்குப் பல்லெல்லாம் நெரிஞ்சு கிடக்கு, அதுதான் சூத்தை வருது. கிளிப் போட்டால் எல்லாம் சரிவரும்." உன் அம்மாவும் ஓம் என்று தலையாட்டினா. சாப்பிட வந்த இடத்தில் பாடம் எடுக்கக்கூடாதென்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நீ சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பல் மற்றதன்மேல் ஏறி நின்றால் அந்த மூலைக்குள் பிரஷ் போகாது, அழுக்கு அங்கேயே குடியிருக்கும். ஆனால் இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2012 இல் ஒரு மீளாய்வு வந்தது. நெரிந்த பல்லால்தான் சூத்தை வருகிறது என்று அடித்துச் சொல்லத் தரமான சான்று அதில் கிடைக்கவில்லை. உன் அப்பாவையே பார். கீழ்வரிசை முன்பல் நாலும் 100 ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்குகிற சனம் மாதிரி. ஒரு பல்லும் அடைத்ததில்லை.

நான் பார்த்தது உன் மேசையில் இருந்த கோப்பையை. உயர்தரச் சோதனை, கண் விழிக்கத்தான் வேண்டும். அதற்காக 3 கரண்டி சீனி போட்ட பால்தேத்தண்ணியை 8 மணிக்குத் தொடங்கி 11 மணி வரை மிடறு மிடறாகவா குடிப்பது? வாயிலுள்ள பக்ரீரியா சீனியைத் தின்று அமிலம் விடும். அமிலம் கூடக் கூடக் குறைகிற பி.எச். அளவு ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணித்தியாலமாவது வேணும். நீயோ பத்து நிமிசத்துக்கொருக்கால் அடுத்த மிடறு. எச்சில் பாவம், அது என்னதான் செய்யும்? அதே தேத்தண்ணியை ஒரே இருப்பில் குடித்து முடித்தால் பல்லுக்கு அவ்வளவு கேடில்லை.

இன்னொன்று. உன் பல் நெரிந்ததே சூத்தையாலாக இருக்கலாம். 7 வயதில் உனக்குச் சூத்தை பிடித்த ஒரு பால் கொடுப்புப்பல்லைப் பிடுங்கினோம், நினைவிருக்கா? "விழப்போற பல்தானே" என்றோம், நானும்தான். அது தானாக விழுவது 10, 12 வயதில். 6 வயதில் அதற்குப் பின்னால் முளைத்த நிரந்தரக் கொடுப்புப்பல், முன்னால் இடம் காலியானதும் மெல்ல முன்னுக்கு நகர்ந்துவிடும். அடியிலிருந்து வருகிற புதுப்பல்லுக்கு இடம் ஏது? கோணித்தான் வரும். அந்த இடத்தைக் காத்து வைக்க ஒரு கம்பி வளையம் போடலாம் என்று எங்களுக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

கிளிப் வேண்டாம் என்று சொல்லவில்லை. சூத்தையை அடைக்காமல் நல்ல வைத்தியர் எவரும் அதில் கை வைக்கமாட்டார். போட்ட பிறகும் ஒழுங்காகத் துலக்காவிட்டால், கழற்றும்போது பல்லில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அதுவும் சூத்தையின் தொடக்கம்தான்.

பல்லுக்கிடையில் ஒளிந்திருக்கிற சூத்தை சும்மா பார்த்தால் பிடிபடாது, கடித்துப் பிடிக்கிற சின்ன எக்ஸ்ரே எடுக்க வேணும். திங்கட்கிழமை லீவு போடுகிறேன், வார்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்கு வெள்ளெனப் போவோம். ரியூசன் இருக்கென்று சாட்டுச் சொல்லாதே, உன் அம்மாவிடம் நேரசூசி கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
சின்னம்மா