உரும்பிராய்ச் சந்தியில் உதவிய அண்ணைக்கு நன்றி

மாரி முழுக்க கொட்டிலில் நின்ற அப்பாவின் ஓட்டோவை வெளியே எடுத்தேன். பலாலி வீதியில், உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட, இழுத்து இழுத்து ஓடி அக்சிலரேற்றரை விட்டு ஸ்லோவுக்கு வந்ததும் நின்றே விட்டது. "தம்பி, சோக்கைப் பாதி இழும் பாப்பம்" என்றபடி வந்தீர்கள். காற்றைக் குறைக்கும் அந்தச் சோக்கை இழுத்ததும் எஞ்சின் சீரானது. பெற்றோல் போதாமல் காற்றுத்தான் கூடப் போகிறது, பிளக்கில் கை வைக்கத் தேவையில்லை என்று அப்போதே சொல்லிவிட்டீர்கள்.

பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேற்றரின் அடி ஸ்குரூவைத் திறந்து போத்தலில் பிடித்தால், மஞ்சளாய்ப் போன பழைய பெற்றோல், அடியில் தண்ணீர். ஸ்லோவில் ஓடப் பெற்றோல் விடும் சின்னத் துண்டான பைலட் ஜெட்டை வெயிலுக்குப் பிடித்துக் காட்டினீர்கள்; ஓட்டை தெரியவே இல்லை. கம்பி குத்தினால் ஓட்டை பெருத்துவிடும் என்று கிளீனர் அடித்து, காற்றால் ஊதி எடுத்த அந்தப் பொறுமையை நான் எந்தக் கராஜிலும் கண்டதில்லை. டாங்கியையும் வடித்துப் புதுப் பெற்றோல் ஊற்றினோம். சரி, அதற்குப் பிறகு ஒரு திணறலும் இல்லை.

காசு வாங்க மறுத்துவிட்டீர்கள், பெயரும் சொல்லவில்லை. மனமார்ந்த நன்றி அண்ணை. அடுத்த மாரிக்கு முன் காபரேற்றரை வடித்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவேன். அப்பா இப்போது பழையபடி சவாரிக்குப் போகிறார்.