பழைய அனலாக் டிலே வாங்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவை, ஈரோடு திருவிழா மேடைகளில் கிடார் வாசிக்கும் இளைஞர்கள் 1980களின் அனலாக் டிலே பெடல்களுக்கு (ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாக்கும் மிதிகருவிகளுக்கு) அதிக விலை கொடுக்கிறார்கள். எதிரொலி கூர்மை மழுங்கி, பாட்டுக்கு அடியில் பதமாக நிற்கும்; அந்த அழகு உண்மைதான். ஆனால் இவற்றில் சிலவற்றில் உள்ள எம்என்3005 என்ற தாமதச் சிப்பில், ஒலி ஒவ்வொன்றாகக் கடக்கும் 4,096 படிகள். ஒற்றைச் சிப் பெடலில் 300 மில்லிசெகண்ட் தாமதம் வைத்தால் க்ளாக் (ஒலியைப் படிப்படியாக நகர்த்தும் துடிப்பு) சுமார் 6.8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். அந்தத் துடிப்பை வடிகட்டும் ஃபில்டர் பழுதானால் அதுவே கீச்சென்று கேட்கும். எனவே டிலே திருகை முழுதாகத் திருப்பிக் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

இரைச்சல் இருந்தால் முதலில் காய்ந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை மாற்றுங்கள். பிறகு, எதிரொலியின் கரகரப்பு மறையும்வரை பயாஸ் டிரிம்மரை (சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் சிறு திருகை) மெல்லத் திருப்புங்கள். எம்என்3005 சிப் போயிருந்தால் அதன் இடத்தில் எம்என்3205 என்ற சிப்பை அப்படியே பொருத்தவே கூடாது: எம்என்3205 5 வோல்ட், எம்என்3005 15 வோல்ட், மின்முனையும் எதிர்மாறு.

– வாசகர், கோபிசெட்டிபாளையம்