வெறும் வயிற்றுச் சர்க்கரை

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த மாரத்தானில் உன் நேரம் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று உன் தங்கை சொன்னாள். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சரி போகட்டும்.

இன்ஷூரன்ஸுக்காக நீ அனுப்பிய ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. லேபிலேயே காலம் தள்ளியவள் நான், இதைத் தாண்டிக் கண் போகவில்லை. இத்தனை ஓடுகிற உடம்பில் 112 எப்படி வந்தது? பாட்டி வழி என்று சொல்லாதே. அவளுக்கு எந்த வயதில் வந்தது என்று உனக்கே தெரியும். மறுபடி ஒரு தடவை பார்த்துவிடு.

உன்னோடு ஓடுகிறவர்களில் யாராவது வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார்களா? உன்னைச் சொல்லவில்லை. அப்படி யாராவது இருந்தால் நீ எடுத்துச் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

அந்த ஹார்மோன் மூளைக்கு அடியில் இருக்கும் நம் பிட்யூட்டரி சுரப்பியிலேயே சுரப்பதுதான். ஆழ்ந்து தூங்கும்போதும், மூச்சு வாங்க ஓடும்போதும் கூடுதலாகச் சுரக்கும். சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். கொழுப்பு எரிந்தால் தசையில் உள்ள சர்க்கரை மிஞ்சும், கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு உதவும் என்று கணக்குப் போடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசி போட்டால் ரத்தத்தில் கொழுப்பு அமிலம் ஏறுகிறதே தவிர, ஓடும்போது எரியும் கொழுப்பு கூடுவதில்லை. எரியாமல் சுற்றும் அந்தக் கொழுப்பு, இன்சுலின் சொல்வதைத் தசை கேட்காதபடி செய்துவிடும். கல்லீரலும் சர்க்கரையைக் கூடுதலாக விடும். ரிப்போர்ட்டில் சர்க்கரை எண் இப்படித்தான் ஏறும், கதிர்.

2002இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஏழு இளைஞர்களுக்கு ஒரே ஒரு ஊசி போட்டு சைக்கிள் மிதிக்க விட்டார்கள். கடுமையாக உழைக்கும்போது தசையில் உண்டாகும் லாக்டேட், ரத்தத்தில் வழக்கத்தைவிட ஏறியது. இரண்டு பேரால் முடிக்கவே முடியவில்லை. 2008இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கொழுப்பில்லாத எடை 2 கிலோ போலக் கூடியது, பலம் கூடவில்லை. அதிலும் நிறைய வெறும் தண்ணீர். 2010இல் வந்த ஆய்வில் சில நொடி முழு வேகத்துக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது, உடம்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் அளவு அப்படியே இருந்தது. 42 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்குத் தண்ணீரைச் சுமந்து என்ன லாபம்?

அந்தத் தண்ணீர் கட்டினால் விரல் வீங்கும், மணிக்கட்டு நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். மோதிரம் இறுகுகிறது, காலையில் எழுந்தால் கட்டைவிரல் உணர்வே இல்லை என்று நீ சொன்னாய். கம்ப்யூட்டரில் தட்டுவதால் என்றாய். இருக்கலாம். ஒரே கைதானா, இரண்டு கையுமா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் போனை வைத்துவிட்டாய்.

ஏறுகிற சர்க்கரையை இறக்க இன்சுலினையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. சர்க்கரை சட்டென்று இறங்கினால் கூப்பிடக்கூட நேரம் இருக்காது, நீயோ தனியாக இருக்கிறாய். ஊக்கமருந்துத் தடை, டெஸ்ட் எல்லாம் உன் பாடு. மெடலைப் பிடுங்கினால் பிடுங்கட்டும்.

மறுபடி வெறும் வயிற்றில் சர்க்கரை பார். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும், வளர்ச்சி ஹார்மோன் கூடினால் ஏறும் ஐஜிஎஃப்-1ம் சேர்த்து எழுதித் தரச் சொல். டாக்டரிடம் எதையும் மறைக்காதே, தெரியாமல் வேறு மருந்து கொடுத்துவிடுவார். ரிப்போர்ட்டை எனக்கு மட்டும் அனுப்பு. அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அம்மா