படம் எடுத்தவரின் அனுமதி மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

முகூர்த்த மாதங்கள் முடிந்த கையோடு மணமக்களின் படங்கள் ஸ்டுடியோ வாசலில் ஏறிவிடுகின்றன. பிறகு மேக்கப் நிலையம், ஜவுளிக்கடை, மண்டபம் என்று யார் யாருடைய விளம்பரத்திலோ தென்படுகின்றன. கேட்டால், "நாங்க எடுத்த படம், உரிமை எங்களுக்குத்தான்" என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு அவரே முதல் உரிமையாளர். வேறுவிதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டுமே இது மாறும். சிக்கல் அங்கேதான். அட்வான்ஸ் ரசீதின் அடியில் பொடி எழுத்தில், படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கக்கூடும். சம்மதம் இல்லையென்றால் அந்த வரியை அடித்து, இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். ஆல்பம் கைக்கு வந்த பிறகு பேசிப் பயனில்லை.

பணம் கொடுத்தவர் பெண்ணின் அப்பா என்றால் பதிப்புரிமை அவருக்கு. ஆனால் முகம் பெண்ணுடையது. அவர் சம்மதமின்றி அப்பாவும் கடைக்காரருக்கு அனுமதி தரக்கூடாது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-லேயே கூறிவிட்டது. தன் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததைப் பார்த்து, இதெல்லாம் நட்சத்திரங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1994 தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தும். திருவிழாக் கூட்டத்தைச் செய்திக்காகப் படம்பிடிப்பது வேறு. அதிலிருந்து ஒரு முகத்தை வெட்டி நகை விளம்பரத்தில் ஒட்டுவது வேறு.

சம்மதம் தருவதானால் எழுத்தில் தாருங்கள். எந்தப் படம் (சிறு பிரதியை இணைப்பது நல்லது), பிளெக்ஸா, நாளிதழா, இன்ஸ்டாகிராமா, எந்தத் தேதி வரை, வேறு கடைக்குக் கைமாற்றலாமா, கணினியில் முகத்தையோ உடையையோ மாற்றலாமா, தொகை எவ்வளவு என எல்லாம் அதில் இருக்க வேண்டும். "அனைத்து ஊடகங்களிலும், எக்காலத்துக்கும்" என்ற வாசகத்துக்குக் கையெழுத்திடாதீர்கள். ஒரு கடை விளம்பரத்துக்கு ஓராண்டு தாராளம். 18 வயது நிறையாத பிள்ளையின் கையெழுத்தை நம்பிப் பயனில்லை, பெற்றோர் கையெழுத்து வேண்டும். டியூஷன் சென்டர்கள் தேர்வு முடிவு வந்ததும் இதைத்தான் மறக்கின்றன.

அனுமதியின்றி ஏற்கெனவே வைத்துவிட்டார்களா? உடனே கிழிக்கச் சொல்லாதீர்கள். கடைப் பெயர் தெரியும்படி பலகையைப் படம் எடுங்கள்; இணையப் பதிவென்றால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பு முகவரியும் வேண்டும். சாட்சியம் கையில் வந்தபின், நீக்குமாறு கெடு குறிப்பிட்டு, ஒப்புகையுடன் கூடிய தபாலில் கடைக்கும் ஸ்டுடியோவுக்கும் தனித்தனியே கடிதம் அனுப்புங்கள்.

தங்கள் நாளிதழின் விளம்பரப் பிரிவும், மாடலிங் தொழிலில் இல்லாத ஒருவரின் முகம் உள்ள விளம்பரத்தை ஏற்கும்போது, அவரது சம்மதக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வழக்கறிஞர்,
திருச்சி