பூசுவதைவிடத் துடைப்பது பெரிய வேலை

அன்பு மகளுக்கு,

நீ செதுக்கிய கரண்டிகளுக்கும் கிண்ணத்துக்கும் எந்த எண்ணெய் தேய்ப்பது என்று கேட்டிருந்தாய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது இறுகவே இறுகாது. மரத்துக்குள் பிசுபிசுத்துக் கிடந்து, நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெயோ, டங் என்ற மரத்தின் விதையில் எடுக்கும் டங் எண்ணெயோ வாங்கு. இவை காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து உள்ளேயே கெட்டிப்படும். கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். வாயில் படும் சாமானுக்கு அது ஆகாது. எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெயே போதும், பொறுமைதான் வேண்டும்.

எண்ணெய்க்கு முன் உப்புத்தாளை 120, 180, 220 என்று வரிசையாகப் போடு, எண் கூடக்கூடத் தாள் நைசாகும். பிறகு ஈரத்துணியால் ஒரு தடவை துடை. நார் சிலும்பி எழும். நன்றாகக் காய்ந்ததும் 220ஆல் மர ரேகை ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்த்துவிடு. இதை விட்டுவிட்டால் முதல்முறை கழுவும்போதே கரண்டி சொரசொரத்துவிடும்.

எண்ணெயைத் தாராளமாகத் தேய். நாருக்குக் குறுக்கே அறுபட்ட வெட்டுமுகம் அதிகம் குடிக்கும். வறண்ட இடத்தில் திரும்பவும் விடு. 20 நிமிடம் கழித்துத் துடை. உள்ளங்கையை வைத்து இழுத்தால் ஈரம் ஒட்டக்கூடாது, அதுவரை துடை. மேலே தங்கியதில்தான் எல்லா வினையும். காற்று படும் மேல்புறம் முதலில் ஏடு கட்டும், அடியில் இருப்பது உலராமல் சுருங்கிப் பிசுக்கும். அப்படி ஆகிவிட்டால் டர்பன்டைன் நனைத்த முரட்டுத்துணியால் தேய்த்து எடு, மேலும் எண்ணெய் ஊற்றாதே. துளை பெரிய மரத்தில் ஒரு மணி நேரத்தில் புள்ளி புள்ளியாக எண்ணெய் கசிந்து வரும், அதையும் துடை.

வெள்ளைத்துணியில் தேய்த்துப் பார், கறை வராதபோது அடுத்த பூச்சு. பச்சை எண்ணெய்க்கு நாள்கணக்காகும். 3 அல்லது 4 பூச்சு போதும். கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு மாதமாவது சாமானைப் புழங்காதே. ஈட்டி மரமானால் எண்ணெயே வேண்டாம். அந்த மரத்தின் பிசினே அதை உலரவிடாது. தேன்மெழுகு மட்டும் தேய்.

இன்னொன்று, கண்ணு, இதைத் தள்ளிவிடாதே. எண்ணெய் துடைத்த துணி, அதிலுள்ள எண்ணெய் இறுகும்போது சூடாகும். சுருட்டிப் போட்டால் சூடு வெளியேற வழியின்றி, நெருப்பே வைக்காமல் பற்றிக்கொள்ளும். வெளியே ஒற்றை மடிப்பாக விரித்து, விறைத்துப்போகும் வரை காயவிடு. உடனே முடியாவிட்டால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வை. வேலை முடிந்து கை கழுவும் முன்பே இதைச் செய்துவிடு.

அன்புடன்,
அப்பா